கார் இல்லாமல் போர்ட்டோவும் டோரு பள்ளத்தாக்கும்: 6 இரவுக்கு எப்படித் திட்டமிடலாம்?

நெடுவழி:

செப்டம்பர் கடைசி வாரம் போர்ச்சுகல் போகிறோம். 6 இரவு, மூன்று பேர். ஒருவர் குடிப்பதில்லை. இன்னொருவர் சைவம், முட்டையும் பாலும் சாப்பிடுவார். கார் ஓட்டுவதாக இல்லை. ரயில், டாக்சி, நடை மட்டும்தான்.

கேள்விகள்:

1. டோரு ஆற்றின் முகத்துவாரத்தில், போர்ட்டோவுக்கு எதிர்க்கரையான காயாவில் இருக்கும் போர்ட் ஒயின் கிடங்குகளை முதலில் பார்ப்பதா, மேலே பள்ளத்தாக்கில் இருக்கும் தோட்டங்களை முதலில் பார்ப்பதா?
2. ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் சுவை பார்க்கலாம்?
3. டானி, எல்பிவி, வின்டேஜ் என்று லேபிளில் இருக்கிறது. எதை எந்தச் சாப்பாட்டோடு?
4. சைவக்காரருக்கு அங்கே என்ன கிடைக்கும்?
5. ஒயினுக்காகக் காலால் திராட்சை மிதிப்பதைப் பார்க்க முடியுமா?
6. பாட்டில் வாங்கினால் விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

மரப்பீப்பாய்:

என் வாக்கு காயாவுக்கு. தோட்டத்தில் செடியையும் கல்லையும்தான் பார்க்க முடியும். பாட்டிலுக்குள் இருப்பது ஏன் இப்படி இருக்கிறது என்பது பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றால்தான் விளங்கும்.

செய்முறையைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே கேட்கும் விளக்கம் பாதி ஏற்கெனவே புரிந்திருக்கும். சாறு நொதிக்கத் தொடங்கி 2, 3 நாளில், சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாக மாறியிருக்கும்போது, 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். சுமார் 4 பங்குச் சாறுக்கு 1 பங்குச் சாராயம். அந்த வீரியத்தில் ஈஸ்ட் செத்துவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் இருக்கிறது, 19 முதல் 22 சதவீதம் ஆல்கஹாலோடும் இருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தக் கலத்தில், எத்தனை வருடம் என்பதுதான் லேபிள் வித்தியாசம். பெரிய மரத்தொட்டியில் கொஞ்ச காலம் வைத்தால் காற்று அதிகம் படாது. நிறம் அடர் சிவப்பு, வாசனை கறுப்புப் பழங்கள். அது ரூபி வகை. எல்பிவி, வின்டேஜ் இரண்டும் இந்தக் குடும்பம்தான். எல்பிவி (லேட் பாட்டில்டு வின்டேஜ்) ஒரே ஆண்டின் ஒயின், 4 முதல் 6 வருடம் கழித்துப் பாட்டிலுக்குப் போகும். வின்டேஜ், சிறந்த ஆண்டுகளில் மட்டும் அறிவிக்கப்படுவது. இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மிச்ச முதிர்ச்சி முழுக்கப் பாட்டிலுக்குள் நடக்கும்.

டானிக்குக் கதை வேறு. 550 லிட்டர் அளவுள்ள பழைய பீப்பாய்களில் வருடக்கணக்காகக் கிடக்கும். மரத்தின் வழியாகக் காற்று மெல்ல மெல்லப் படப்பட சிவப்பு வெளுத்து, செம்பழுப்பாகிவிடும். பழவாசனை போய் வாதுமை, காய்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், எரிந்த சர்க்கரை என்று வரும். 10, 20, 30, 40 என்ற எண்கள், பல ஆண்டு ஒயின்களைக் கலந்து அந்த வயதின் தன்மைக்குக் கொண்டுவந்ததைக் குறிப்பவை. ஒரே ஆண்டின் டானி வேண்டுமென்றால் லேபிளில் கொல்யெய்டா என்றும் ஆண்டும் இருக்கும். அது குறைந்தது 7 வருடம் மரத்தில் இருந்திருக்க வேண்டும்.

போர்ட் கிடங்கில் புதுப் பீப்பாயைத் தேடாதீர்கள். மரவாசனை ஏறக்கூடாது என்பதற்காகவே பல காலம் புழங்கிய பழைய பீப்பாய்களைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். காக்பர்ன்ஸ் கிடங்கில் பீப்பாய் செய்யும் ஆட்கள் வேலை செய்வதை நேரில் பார்க்கலாம். அங்கே போனால் வேலை நாளில், வேலை நேரத்தில் போக வேண்டும். இல்லாவிட்டால் காலிப் பட்டறையைத்தான் பார்ப்பீர்கள்.

எத்தனை இடம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுவைக் கிண்ணத்தில் 50 மில்லி ஊற்றினால், 20 சதவீதத்தில் 10 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு கிடங்கில் 3 கிண்ணம், இரண்டு கிடங்கில் 6. மொத்தம் 300 மில்லி. அது 13 சதவீதச் சாதாரண ஒயினில் 460 மில்லிக்குச் சமம், அதாவது பாட்டிலில் பாதிக்கு மேல். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது நாக்கும் மரத்திருக்கும், இனிப்பும் திகட்டியிருக்கும். துப்புவதற்குப் பாத்திரம் கேளுங்கள், தருவார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்புகிறவர்கள்தான்.

வரிசை முக்கியம். வெள்ளை போர்ட், பிறகு எல்பிவி, பிறகு வின்டேஜ், கடைசியில் டானி 10, டானி 20. 20 வருட டானியை முதலில் குடித்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்பிவி முரட்டுத்தனமாகத் தெரியும். குறை எல்பிவியில் இல்லை, வரிசையில்.

இன்னொன்று. இரண்டு கிடங்கையும் ஒரே மாதிரி எடுக்காதீர்கள். ஒன்றில் டானி 10, 20, 30 மூன்றும் வரிசையாக இருக்கும் சுவைத்தட்டை எடுங்கள். இன்னொன்றில் ரூபி, எல்பிவி, வின்டேஜ். கண்ணாடியைச் சாய்த்து வெள்ளைத் தாள்மேல் வைத்து விளிம்பைப் பாருங்கள். 10 வருட டானியில் இன்னும் சிவப்புச் சாயல் இருக்கும், 20இல் வெளிர்ச் செம்பு, 30, 40க்குப் போகும்போது விளிம்பில் லேசாகப் பச்சை ஓடும்.

தண்டவாளம்:

மரப்பீப்பாய் சொன்ன ஒயின் விவரம் எல்லாம் சரி. ஆனால் முதலில் காயா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. செப்டம்பர் கடைசியில் போகிறவர் தோட்டத்தைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளினால் அறுவடை முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். வெயில் கடுமையான ஆண்டுகளில் பெரும்பகுதி அதற்குள் பறித்துவிடுவார்கள். கிடங்கு எங்கும் ஓடிவிடாது, திராட்சை ஓடிவிடும். என் யோசனை: போர்ட்டோவில் 1 இரவு, பள்ளத்தாக்கின் நடுவிலுள்ள பின்யாவ் ஊரில் 2 இரவு, திரும்பி வந்து போர்ட்டோவில் 3 இரவு.

ரயில் விவரம். போர்ட்டோவில் சாவ் பென்டோ அல்லது கம்பன்யா நிலையத்தில் ஏறலாம். ரெகுவா சுமார் 2 மணி நேரம், பின்யாவ் சுமார் இரண்டரை மணி நேரம், கடைசி நிலையம் பொசின்யோ. எல்லா வண்டியும் கடைசி வரை போகாது, சில ரெகுவாவோடு நின்றுவிடும். பாதையில் வேலை நடக்கும்போது ஒரு பகுதிக்கு பஸ் விடுவதும் உண்டு. அதனால் போர்ச்சுகல் ரயில்வேயின் தளத்தில் அந்தத் தேதியின் அட்டவணையை முந்தின நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருக்கை எண் கிடையாது, முன்னால் போனவருக்கு ஜன்னல்.

போகும்போது வண்டி ஓடும் திசையில் வலப்பக்கம் உட்காருங்கள். பாதை வடகரையில் போகிறது, ஆறு வலப்பக்கம் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் ஆறே தெரியாது, தப்பான பக்கம் உட்கார்ந்துவிட்டோமோ என்று எழுந்து மாறிவிடாதீர்கள். அதற்குப் பிறகு தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில அடிதான் இருக்கும். பின்யாவையும் தாண்டிப் பொசின்யோ வரை போனால், ஃபெராடோசாவில் பாலம் ஏறித் தென்கரைக்கு மாறும். அங்கிருந்து ஆறு இடப்பக்கம்.

போகும் வழியிலேயே நிலம் மாறுவதைக் கவனியுங்கள். மராவ் மலை அட்லாண்டிக் மழையைத் தடுத்துவிடுகிறது. மேற்கே பச்சை, ரெகுவா தாண்டினால் வறட்சி. பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரிப்பார்கள்: ஈரமான பைஷோ கோர்கோ, நடுவில் பின்யாவைச் சுற்றியுள்ள சிமா கோர்கோ, ஸ்பெயின் எல்லைப் பக்கம் வறண்ட டோரு சுபீரியர். கல் பலகை பலகையாக உரியும் சிஸ்ட் பாறை. அந்தப் பலகைகள் செங்குத்தாக நிற்பதால் வேர் இடுக்கு வழியாக ஆழத்துக்கு இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. இல்லாவிட்டால் 40 டிகிரி அடிக்கும் கோடையில் அந்தச் சரிவில் செடி நிற்காது.

காரில்லாதவர்களுக்குப் பின்யாவ் அமைந்த மாதிரி வேறு ஊர் அமையாது. ரயில் நிலையச் சுவரில் அறுவடைக் காட்சிகளை வரைந்த நீல ஓடுகள் இருக்கின்றன. வண்டி கிளம்பிப் போனதும் நின்று பாருங்கள். அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தோட்டங்கள்: டவ்ஸ் நிறுவனத்தின் கிண்டா டோ பொம்ஃபிம், கிராஃப்ட்டின் கிண்டா டா ரொயேடா, பாலத்தைத் தாண்டினால் கிண்டா டாஸ் கர்வால்யாஸ். மூன்றுக்கும் முன்பதிவு வேண்டும். அறுவடைக் காலத்தில் சில வாரங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். காலை 10 மணிச் சுற்றை எடுங்கள். மதியம் 2 மணிக்கு அந்தப் படிக்கட்டு வரப்புகளில் ஏறுவது தண்டனை, கல் சூட்டைத் திருப்பி அடிக்கும்.

காசால் டி லொய்வோஸ் காட்சிமேடை ஊருக்கு நேர்மேலே இருக்கிறது. வரைபடத்தில் பக்கம்தான், ஏற்றம் கடுமை. டாக்சியில் ஏறி நடந்து இறங்குங்கள். ஊரில் டாக்சி மிகக் குறைவு. எங்கே போனாலும் திரும்பும் நேரத்தை அதே ஓட்டுநரிடம் பேசிவைத்துவிடுங்கள். தோட்டத்தில் சுற்று முடிந்தபிறகு டாக்சி தேடினால் ஒரு மணி நேரம் கேட்டருகில் நிற்க வேண்டிவரும்.

குடிக்காதவர் கார் ஓட்டட்டும் என்று கடைசி நேரத்தில் யாராவது யோசனை சொன்னால்: போர்ச்சுகலில் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி 3 வருடம் ஆகாதவர்களுக்கு 0.2. ஆற்றை ஒட்டிய என்222 சாலை அழகு, மலைமேல் தோட்டங்களுக்கு ஏறும் கிளைச்சாலைகள் ஒடுக்கம், வளைவுக்கு வளைவு. பழக்கமில்லாதவர் ரயிலிலேயே போகட்டும்.

போர்ட்டோவிலிருந்து ரெகுவாவுக்கு நாள் முழுக்கப் படகு என்று விற்பார்கள். கர்ரபட்டேலோ அணையின் பூட்டுத்தொட்டியில் தண்ணீர் ஏற ஏறப் படகு 35 மீட்டர் உயர்வது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் உங்கள் 6 நாளில் ஒரு நாளை அது விழுங்கிவிடும். பின்யாவ் துறையில் ரபேலோ படகு 1 மணி, 2 மணி நேரச் சவாரி இருக்கிறது. அது போதும். முன்பு இதே மாதிரிப் படகுகளில்தான் பீப்பாய்கள் காயாவுக்கு இறங்கின. கடலோரக் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் ஒயின் மெதுவாக முதிரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று சட்டம்: ஏற்றுமதி போர்ட் காயா வழியாகத்தான் போக வேண்டும் என்ற விதி 1986 வரை இருந்தது.

அடுக்களை:

சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன்.

உட்கார்ந்தவுடன் ரொட்டி, ஆலிவ், சீஸ், சில இடத்தில் ரொட்டியில் தடவும் மீன் மசியல் மேசைக்கு வரும். இலவசம் இல்லை. தொட்டால் காசு, தொடாவிட்டால் காசு கிடையாது. வேண்டாமென்றால் உடனே எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான் அடுப்பு எரியும். அந்த நேரத்தில் அன்றைய சாப்பாடு என்று எழுதிவைத்திருப்பதைக் கேளுங்கள், சூடும் புதுசும் அதுதான். ஒரு தட்டு பெரும்பாலும் இரண்டு பேருக்கு வரும். மெனுவில் மெய்யா டோசே என்று இருந்தால் அரைத்தட்டு, அதையே கேளுங்கள். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். உங்கள் பின்யாவ் இரவுகள் அந்த நாட்களில் விழாமல் பாருங்கள். அங்கே கடைகளே சில, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குப் போர்ட்டோவில் தவறவிடக்கூடாதது கோமெஸ் டி சா முறையில் செய்யும் பக்கல்யாவ். உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆலிவ், அவித்த முட்டை. மீனை 1 அல்லது 2 நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்ட கடையில் நடுத்துண்டு கரிக்கும். நன்றாக ஊறியிருந்தால் கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரியும். பிரான்செசின்யா என்பது ரொட்டிக்குள் இறைச்சி, தொத்திறைச்சி, ஹாம் அடுக்கி, மேலே சீஸை உருக்கி, பீரும் தக்காளியும் சேர்ந்த காரக்குழம்பை ஊற்றுவது. ஒன்றை இரண்டு பேர் பகிருங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு ஒயின் சுவைக்கப் போவது வீண், நாக்கில் குழம்புதான் நிற்கும். தணலில் சுட்ட மத்தி வேண்டுமென்றால் மெட்ரோவில் மத்தோசின்யோஸ் போங்கள். செப்டம்பர் அதன் பருவத்தின் கடைசி.

சைவக்காரருக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே இறைச்சி எதிர்பாராத இடத்தில் இருக்கும். கால்டோ வெர்டே உருளையும் கீரையும் போட்ட சூப்தான், ஆனால் மேலே ஷொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். சில கடையில் அதைச் சேர்த்தே கொதிக்கவைத்திருப்பார்கள், துண்டை எடுத்துவிட்டால் போதாது. பீன்ஸ் சோறிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். தக்காளிச் சோறு, கீரைக்கூழான எஸ்பர்ரெகாடோ, காளான், முட்டை வகைகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. "சேம் கார்னே, சேம் ஷொரிசோ, சேம் பெய்ஷே" (இறைச்சி இல்லாமல், தொத்திறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்; இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாமோ மீனோ வந்துவிடும்.

இனிப்பிலும் பார்க்க வேண்டும். அபாடே டி பிரிஸ்கோஸ் புட்டிங்கில் 15 முட்டை மஞ்சள்கரு, சர்க்கரைப்பாகு, போர்ட் ஒயின், கூடவே ஒரு துண்டு பன்றிக்கொழுப்பும் சேரும். பார்த்தால் தெரியவே தெரியாது. குடிக்காதவருக்கும் அது ஆகாது. மாறாக, செர்ரா டா எஸ்ட்ரேலா சீஸ் சைவக்காரருக்குப் பொக்கிஷம்: செம்மறிப் பாலை விலங்கு ரென்னெட் இல்லாமல் ஒரு வகை முட்செடிப் பூவால் உறையவைக்கிறார்கள். மேல்தோலை வட்டமாக வெட்டித் திறந்து கரண்டியால் அள்ளும் பதத்தில் வாங்குங்கள். செப்டம்பரில் கிடைப்பது பெரும்பாலும் முதிர்ந்த கெட்டி வகையாக இருக்கும், அதுவும் நன்று.

எதோடு எது என்ற கேள்விக்கு: குளிர்ந்த வெள்ளை போர்ட்டோடு உப்பு வாதுமை. 10 வருட டானியைக் கொஞ்சம் குளிரவைத்து, 12 முதல் 14 டிகிரியில், முட்டை இனிப்புகளோடு. எல்பிவியோடு கறுப்பு சாக்லேட். வின்டேஜோடு நீலச் சீஸ். மதியச் சாப்பாட்டுக்குப் போர்ட் எடுக்காதீர்கள். அதே பள்ளத்தாக்கின் இனிப்பில்லாத டோரு சிவப்பு ஒயினைக் கேளுங்கள். அந்த வகையில் புகழ்பெற்ற பார்க்கா வெல்யா முதலில் 1952 அறுவடையில் வந்தது. இன்று சாதாரணக் கடையிலேயே நல்ல டோரு சிவப்பு கிண்ணத்தில் கிடைக்கும்.

பின்யாவிலிருந்து அரைநாள் மிச்சமிருந்தால் டாக்சி பேசி ஃபவாயோஸ் போங்கள். நான்கு மூலை வைத்த கோதுமை ரொட்டியும் மொஸ்கடெல் இனிப்பு ஒயினும்தான் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. மூன்று பேரும் சேர்ந்து அனுபவிக்கக்கூடிய இடம் அது, ரொட்டிக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் யாருக்கும் விலக்கில்லை.

நெடுவழி:

மூவருக்கும் நன்றி. 1+2+3 என்றே வைத்துக்கொள்கிறோம். மிதிப்பதைப் பற்றியும் பாட்டில் பற்றியும் இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? மிதிக்க வருகிறீர்களா என்று ஒரு தோட்டத்தில் கேட்டிருக்கிறார்கள்.

மரப்பீப்பாய்:

1+2+3 நல்ல வழிதான். ஒரே ஒரு திருத்தம்: முதல் நாள் மாலை காயாவில் ஒரு கிடங்கை முடித்துவிடுங்கள், ரூபி வகைகளோடு. டானிக் கிடங்கைத் திரும்பி வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கிடைத்துவிடும். கிடங்குக்குப் போகும்போது டோம் லூயிஸ் பாலத்தின் கீழ்த்தளத்தில் நடந்தால் ஆற்றங்கரையில் இறங்குவீர்கள். மேல்தளத்தில் நடந்தால் காயாவின் உச்சிக்குப் போய்விடுவீர்கள். எந்தக் கிடங்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மிதிக்கக் கேட்டால் போங்கள். லகார் என்பது தொடையளவு ஆழமுள்ள கருங்கல் தொட்டி. முதல் 2 மணி நேரம் கோர்ட்டே: வரிசையாகத் தோளில் கைபோட்டு, ஒருவர் சொல்லும் தாளத்துக்கு இடம், வலம் என்று காலைத் தூக்கி வைத்து மெதுவாக முன்னேற வேண்டும். அது வேலை, கூத்தில்லை. வரிசை குலைந்தால் மிதிபடாத திட்டுகள் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் லிபெர்டாடே. இசை போட்டு இஷ்டம்போல் ஆடலாம். இன்னும் ஏன் காலால் மிதிக்கிறார்கள் என்றால், போர்ட்டுக்குக் கிடைப்பது 2, 3 நாள்தான். அதற்குள் தோலிலிருந்து நிறத்தையும் துவர்ப்பையும் முழுக்க எடுத்தாக வேண்டும். பாதம் தோலை நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கும். இதைப் போலச் செய்கிற இயந்திரக் கால்களும் இப்போது வந்துவிட்டன.

தொடைக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டை, அதுவும் கறுப்பு நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சாறு முதலில் குளிரும். காம்புகள் உரசும், காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். நகத்தில் ஊதா நிறம் சில நாள் நிற்கும். உங்கள் தேதியில் எந்தத் திராட்சை பாக்கி இருக்கும் என்று தோட்டத்தில் கேளுங்கள். டூரிகா ஃபிரான்கா தாமதமாகப் பழுக்கும் வகை, அது இருக்கும் தோட்டத்தில் மாதக் கடைசியிலும் மிதிப்பு நடக்க வாய்ப்புண்டு.

தண்டவாளம்:

பாட்டில் விஷயம். விமான விதியில் 24 சதவீதத்துக்குக் கீழுள்ள மதுவுக்குச் செக்-இன் பெட்டியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை; 24 முதல் 70 வரை ஆளுக்கு 5 லிட்டர். போர்ட் 20 சதவீதம், ஆகவே முதல் வகை. ஆனால் இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு வேறு, பெரும்பாலும் அதுதான் இடிக்கும். வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். குடிக்காதவர் பங்கையும் சேர்த்துக் கணக்கிடலாமா என்றும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நிரம்பிய பாட்டில் சுமார் 1.3 கிலோ. 6 பாட்டில் வாங்கினால் ஏறக்குறைய 8 கிலோ போய்விடும். 375 மில்லி அரைப்பாட்டில் பல வகையில் கிடைக்கிறது. பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், பக்கச் சுவரைத் தொடக்கூடாது, இரண்டு பாட்டில் ஒன்றையொன்று தொடக்கூடாது. டானியில் கையால் திருகி எடுக்கும் மூடி இருக்கும். அது தக்கையைப் போல இறுக்கமில்லை, கசியும். மூடியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, பாட்டிலையே தனிப் பையில் போட்டு மூடுங்கள். கழுத்தில் போர்ட் ஒயினைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் முத்திரைப்பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், அசல் போர்ட்டுக்கு அது இருக்க வேண்டும்.

விமான நிலையக் கடையில் வாங்கி முத்திரையிட்ட பையில் வந்தால், வழியில் விமானம் மாறும் இடத்தில் மறுபடி சோதனை இருந்தால் பிடுங்கப்படலாம். இடையில் விமானம் மாறுகிறவர்கள் ஊரிலேயே வாங்கிச் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

வந்து சேர்ந்ததும் வின்டேஜை உடனே திறக்க வேண்டாம். அடியில் வண்டல் கலங்கியிருக்கும். சில வாரம் ஓய்வு கொடுத்து, திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாக வேறு கலத்துக்கு ஊற்றி வண்டல் வரும்போது நிறுத்துங்கள். திறந்த வின்டேஜ் 1, 2 நாளில் தீர வேண்டும். எல்பிவி ஒரு வாரம். ஏற்கெனவே காற்றோடு பழகிய டானி குளிர்பெட்டியில் சில வாரம் நிற்கும். ஒரு பாட்டிலை மெதுவாகக் குடிக்கிறவர் என்றால் டானியையே வாங்குங்கள்.